கல்யோ என்றால் கால் நிற்க வேண்டும்

கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்டு வருகிற பெற்றோர் முதலில் எதையெதையோ விசாரிப்பார்கள். வாரத்தில் எத்தனை நாள், எந்த வயதில் சேர்க்கலாம், அடிபடுமா என்று சுற்றி வந்து கடைசியில் அசல் கேள்விக்கு வந்துவிடுவார்கள்: "இப்பவே வீட்டுல தங்கச்சியை உதைக்கிறான். இதுல முறையா உதைக்க வேற கத்துக்கொடுத்தா என்ன ஆவான்?"

நியாயமான கேள்விதான். சின்னப் பிள்ளைகள் கிளாஸில் ஓரமாக உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள் என்பேன். உதைப்பதை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அந்த அரை மணியில் பாதி நேரம் பிள்ளைகள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

நான் பயிற்சியாளர் இல்லை. இரண்டு பிள்ளைகளை இதில் விட்டுவிட்டு மேட் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தே பழகியவள். சிறுவர் போட்டிகளில் ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், போவேன். பெயர் சரிபார்ப்பது, செஸ்ட் கார்டின் நாடாவைப் பின்னால் கட்டிவிடுவது, வரிசையில் நிற்க வைப்பது, அழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது என்று எடுபிடி வேலை. காலை இடுப்புக்கு மேல் தூக்கச் சொன்னால் எனக்கு வராது. ஆனால் பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிளாஸ் தொடங்கியதும் மாஸ்டர் "சாரியோத்" என்பார். நேராக நிற்க வேண்டும். "கியோங்யே" என்றால் குனிந்து வணங்க வேண்டும். "ஜுன்பி" என்றால் இரண்டு கை முஷ்டியையும் வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து தயாராக நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு இது ஐந்து நொடி வேலை. ஐந்து வயதுக்காரனுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை இதுதான். பெல்ட்டின் நுனியை வாயில் வைப்பான். பக்கத்துப் பையனின் காலை மிதிப்பான். விட்டத்தில் ஓடுகிற மின்விசிறியை எண்ணுவான். மாஸ்டர் திட்ட மாட்டார், கத்த மாட்டார். எல்லோரும் நின்று முடிக்கும் வரை அடுத்த சொல்லைச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். சில மாதங்களில் அதே பையன் மூக்கு அரித்தாலும் கையை எடுக்காமல் நிற்பதைப் பார்க்கலாம். கண் மட்டும் அங்கேயும் இங்கேயும் ஓடும்.

அப்புறம் பேட் பயிற்சி, அதாவது மாஸ்டர் கையில் பிடித்திருக்கிற மெத்தை அட்டையை உதைப்பது. என் மகள் கிளாஸில் ஒரு விளையாட்டு உண்டு. மாஸ்டரின் ஒரு கையில் சிவப்பு பேட், இன்னொரு கையில் நீலம். சிவப்பு உயர்ந்தால் உதைக்கலாம், நீலம் உயர்ந்தால் அசையக் கூடாது. மூன்று தடவை தொடர்ந்து சிவப்பைத் தூக்கிவிட்டு, நான்காவதாக நீலத்தைத் தூக்குவார். கால் ஏற்கெனவே கிளம்பியிருக்கும். முட்டி மேலே வந்துவிட்டது, இடுப்பும் திரும்பிவிட்டது. அந்த இடத்தில் காலைப் பிடித்து நிறுத்தி, விழாமல், திரும்பக் கீழே வைக்க வேண்டும். முதலில் எல்லோரும் உதைத்துவிட்டுச் சிரிப்பார்கள். பிறகு பாதி உதைப்பார்கள். பிறகு ஒருநாள் தூக்கிய முட்டி காற்றிலேயே நிற்கும். முகத்தில் ஒரு இறுக்கம், உதட்டைக் கடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டே இருப்பாள். ஆனால் உதை வராது. அடுத்த முறை விதியை மாற்றிவிடுவார்: இனிமேல் நீலத்துக்கு உதை, சிவப்புக்கு நிற்க வேண்டும். மறுபடி ஒரே குழப்பம், ஒரே சிரிப்பு.

இந்த விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று குழந்தை வளர்ச்சி பற்றிப் படித்தவர்கள் எளிதாகச் சொல்வார்கள். வந்த உந்துதலை அடக்குவது, விதியை மனதில் பிடித்து வைத்திருப்பது, விதி மாறினால் தானும் மாறிக்கொள்வது. மூளையின் முன்பகுதி பார்க்கிற இந்த மூன்று வேலைகளும் மூன்று வயதிலிருந்து வேகமாக வளர்ந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே போகின்றன. வகுப்பில் கையைத் தூக்கி முறை வரும் வரை காத்திருப்பது, கோபம் வந்ததும் அடித்துவிடாமல் இருப்பது, கணக்கில் பாதிவழி விடையை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் போடுவது என்று எல்லாம் இந்த மூன்றின் மேல்தான் நிற்கின்றன. 2011-ல் சயன்ஸ் இதழில் அடேல் டயமண்டும் கேத்லீன் லீயும் எழுதிய ஒரு தொகுப்புக் கட்டுரை, 4 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இந்தத் திறன்களை எவையெல்லாம் வளர்க்கின்றன என்று அதுவரை வந்த ஆய்வுகளை அலசியது. கணினிப் பயிற்சிகள், சில பள்ளிப் பாடத்திட்டங்கள் ஆகியவற்றோடு தற்காப்புக் கலைகளும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. எதுவானாலும் சவால் கூடிக்கொண்டே போக வேண்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதும், தொடக்கத்தில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம் என்பதும் அதில் உண்டு. தங்கச்சியை உதைக்கிற பையனின் அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கடைசி வரியைத்தான்.

பூம்சே இன்னொரு வகை. கற்பனை எதிரியோடு போடுகிற, அசைவுகள் வரிசையாகக் கோக்கப்பட்ட பயிற்சி அது. முதல் பூம்சேயான தேகுக் இல் ஜாங்கில் 18 அசைவுகள். இடது பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு அடி வைத்து ஒரு குத்து, முழுதாகத் திரும்பி அதே மறுபக்கம் என்று போகும். பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்: திருப்பங்களில்தான். கையும் காலும் நினைவிருக்கும், எந்தப் பக்கம் திரும்புவது என்பது மறந்துபோகும். எட்டுப் பேர் ஒன்றாகச் செய்தால் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பாள். அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதற்கு எங்களுக்கும் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. இப்படி எட்டு தேகுக் பூம்சேக்கள் முடித்தால்தான் கறுப்பு பெல்ட் பக்கம் போக முடியும்.

சரி, கிளாஸில் நிற்கிறவன் வெளியேயும் நிற்பானா? இதற்கு அடிக்கடி சொல்லப்படுகிற ஆய்வு கிம்பர்லி லேக்ஸும் வில்லியம் ஹோய்ட்டும் 2004-ல் வெளியிட்டது. ஒரு பள்ளியில் மழலையர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 207 பிள்ளைகள். சில வகுப்புகளுக்கு வழக்கமான உடற்பயிற்சி நேரம், சில வகுப்புகளுக்கு அதற்குப் பதிலாக டேக்வாண்டோ. எந்த வகுப்புக்கு எது என்பது குலுக்கல் முறையில். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் டேக்வாண்டோ பிள்ளைகள் கவனம், உணர்ச்சிக் கட்டுப்பாடு, வகுப்பறை நடத்தை, மற்றவர்களோடு இணங்கிப்போவது ஆகியவற்றில் முன்னே இருந்தார்கள். மனக்கணக்கிலும்கூட. பையன்களிடம் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. அந்தப் பிள்ளைகளுக்குத் தங்களைத் தாங்களே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: நான் எங்கே இருக்கிறேன்? என்ன செய்துகொண்டிருக்கிறேன்? என்ன செய்ய வேண்டும்? அதாவது அங்கே உதை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் விளம்பரப் பலகைகள் சொல்லாத ஒரு பழைய ஆய்வையும் சொல்ல வேண்டும். 1986-ல் மைக்கேல் டிரல்சன் என்பவர் தவறான வழிக்குப் போகும் போக்குள்ள பதின்வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மரபுவழி டேக்வாண்டோ: தியானம், பூம்சே, மரியாதை, சிந்தனைக்குக் கொஞ்சம் பாடம், அப்புறம்தான் சண்டைப் பயிற்சி. இரண்டாவது குழுவுக்கு அதே உதை, அதே குத்து, ஆனால் சண்டை மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டம், பந்து விளையாட்டுகள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் முரட்டுத்தனம் குறைந்திருந்தது. இரண்டாவது குழுவில் நிலைமை முன்பைவிட மோசம். சின்ன ஆய்வுதான், சில டஜன் பேர் மட்டுமே. இருந்தாலும் அதை மறக்க முடியவில்லை. 2005-ல் நார்வேயில் எண்ட்ரெசென், ஒல்வேயஸ் இருவரும் 11 முதல் 13 வயதுப் பையன்களைத் தொடர்ந்து கவனித்தபோது, குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கீழைத்தேயத் தற்காப்புக் கலைகள் என்று பலத்தை முன்னிறுத்தும் விளையாட்டுகளில் இருந்தவர்களிடம் அடாவடி நடத்தை கூடியிருந்ததைக் கண்டார்கள்.

ஆக, டேக்வாண்டோ ஒழுக்கத்தை வளர்க்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. வெள்ளை உடுப்பில் மந்திரம் எதுவும் கிடையாது. அந்தக் கூடத்தில் அந்த மாஸ்டர் எதற்குப் பாராட்டுகிறார், எதைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்பதுதான் எல்லாமே. பலமாக உதைத்தவனை மட்டும் பாராட்டுகிற இடத்தில் பிள்ளை பலமாக உதைக்கக் கற்றுக்கொள்வான். வேறென்ன கற்றுக்கொள்வான்?

சரி, கிளாஸ் வரைக்கும் நல்லது, போட்டி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது என் எண்ணம் இது: தெரிந்த கூடத்தில், தெரிந்த மாஸ்டர் முன்னால், தெரிந்த தோழியோடு நிதானமாக இருப்பது ஒரு விஷயம். தெரியாத ஊர்ப் பிள்ளை எதிரில் நிற்க, நாலு பக்கமும் சத்தம் கேட்க, வயிறு கலங்க, அப்போதும் விலகச் சொல்லி ரெஃப்ரி கூவுகிற "கல்யோ" என்ற சொல் காதில் விழுவது வேறு விஷயம். இந்த இரண்டாவது வகைப் பரீட்சையைக் கிளாஸில் வைக்க முடியாது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் விழும் குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3. சுழன்று உதைத்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5. "சிஜாக்" என்றால் தொடங்கு, "கல்யோ" என்றால் விலகு, "கேசோக்" என்றால் தொடரு, "குமான்" என்றால் முடிந்தது. கல்யோ சொன்ன பிறகும் உதைத்தால், கீழே விழுந்தால், கோட்டைத் தாண்டினால், பிடித்துத் தள்ளினால், இடுப்புக்குக் கீழே உதைத்தால் காம்ஜியோம். எதிராளிக்கு ஒரு புள்ளி போய்விடும். பெரியவர்களுக்கு 2 நிமிட ரவுண்டு, மூன்றில் இரண்டு ரவுண்டு ஜெயித்தவர் வெற்றி. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ரவுண்டு நேரம் குறைவு. பல இடங்களில் தலையில் உதைக்கவும் தடை உண்டு.

இந்த விதிப்பட்டியலை ஒரு தாயாகப் படித்துப் பாருங்கள். எப்போது எப்படி உதைக்கலாம் என்பதைவிட, எப்போது உதைக்கக் கூடாது என்பதுதான் அதில் அதிகம்.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் ஃபைட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஹெட் கார்டு கண் வரைக்கும் இறங்கியிருக்கும். செஸ்ட் கார்டு தொடையைத் தொடும். ஒருத்தி சிவப்பு, ஒருத்தி நீலம். சிஜாக் சொன்னதும் இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் உதைக்க மாட்டார்கள். ஓரத்திலிருந்து கோச் "கட் போடு, கட் போடு" என்பார், முன்காலைத் தூக்கித் தடுக்கிற உதையைச் சொல்கிறார். திடீரென்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதைப்பார்கள், இரண்டு காலும் நடுவில் மோதிக்கொள்ளும், இருவருக்கும் வலிக்கும். ரெஃப்ரி கையை நடுவில் நீட்டி கல்யோ என்பார். இனிமேல்தான் நான் கவனிக்கிற இடம். அடி வாங்கிய பிள்ளைக்குத் திருப்பி அடிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பதறும். கண்ணில் நீர் தளும்பும். கால் தரையிலிருந்து பாதி எழும். பயிற்சியில் ஊறியவள் அந்தக் காலை இறக்கிவிட்டு, ஒரு அடி பின்னால் போய், கையைத் தூக்கித் தயாராக நிற்பாள். கேசோக். அந்த இரண்டு நொடிக்குள் ஒரு சின்னப் பிள்ளை செய்த வேலை, தெருவில் கார் உரசியதற்குச் சட்டையைப் பிடிக்கிற வளர்ந்த ஆட்களால் செய்ய முடியாதது.

தோல்வியைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். பாதி உபதேசமாக இருக்கும். நான் பார்த்த அளவில், சின்னப் பிள்ளைக்குத் தோற்றது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். அம்மா அப்பாவின் முகம் மாறியது மறக்காது. நாக் அவுட் முறையில் வைக்கிற போட்டியில் வந்தவர்களில் பாதிப் பேர் முதல் ஃபைட்டிலேயே வீட்டுக்குப் போக வேண்டும். அது எளிய கணக்கு. எட்டு பேர் என்றால் நான்கு பேர். மாதக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு இரண்டு நிமிடத்தில் வெளியேறுவது ஏழு வயதுக்கு நியாயமா என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மூன்று ஃபைட்டாவது கிடைக்கிற மாதிரி சின்னக் குழுக்களாகப் பிரித்து நடத்துகிற ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். சின்ன வயதுக்கு அப்படிப்பட்ட போட்டிகள்தான் சரி என்பேன்.

தோற்ற பிறகு நடக்கிற சடங்கு எனக்குப் பிடிக்கும். ஹெட் கார்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிராளிக்கு வணக்கம். அப்புறம் நேராக எதிராளியின் கோச்சிடம் போய்க் குனிந்து கை கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு முன் "தலையைக் குறி வை, காலை இறக்காதே" என்று தனக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்த மனிதர். அவர் பிள்ளையின் தலையைத் தட்டிக்கொடுத்து "நல்லா ஆடினே" என்பார். பல பிள்ளைகள் அங்கேதான் அழ ஆரம்பிப்பார்கள். அழுதுகொண்டே தன் கோச்சிடம் ஓடுவார்கள். நல்ல கோச் அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் சொல்வார், அதுவும் பிள்ளையின் கையில் இருக்கிற விஷயமாக: "முதல் ரவுண்டில் கையைக் கீழே போட்டுட்டே, அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்." தோல்வி ஒரு வேலையாக மாறிவிடுகிறது. வேலை என்றால் பிள்ளைகளுக்குப் பயமில்லை.

சண்டைப் பிரிவு வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்குப் பூம்சே போட்டி இருக்கிறது. அதை இரண்டாம்பட்சமாக நினைக்க வேண்டாம். 2006 முதல் உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது. 10-க்கு மதிப்பெண்: துல்லியத்துக்கு 4, வெளிப்பாட்டுக்கு 6. தொடாமலே போட்டியிடலாம். தன் நிழலோடு போட்டி போடுவதை ரசிக்கிற பிள்ளைகள் உண்டு. என் மகன் அந்த ரகம். மகளுக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

உடம்புக்குக் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். ஓடியாடினாலே பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது. அதற்கு டேக்வாண்டோவே வேண்டும் என்றில்லை. இதில் தனியாகக் கிடைப்பது சமநிலை. ஒவ்வொரு உதைக்கும் ஒற்றைக்காலில் நிற்கிறோம், அதுவும் இடுப்பு சுழலும்போது. ஊன்றிய கால் பாதம் தரையில் திரும்புகிறது, கணுக்கால் நொடிக்கு நொடி சரிசெய்துகொள்கிறது. உடல் ஒருங்கிணைவுக் குறைபாடு உள்ள, அதாவது ஷூ லேஸ் கட்டவும் பந்து பிடிக்கவும் மற்றவர்களைவிட அதிகம் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு ஹாங்காங்கில் மூன்று மாதம் தினசரி டேக்வாண்டோ பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒற்றைக்காலில் நிற்பதில் அவர்கள் சாதாரணப் பிள்ளைகளுக்கு இணையாக வந்துவிட்டதாக 2012-ல் ஷெர்லி ஃபாங் குழுவினர் எழுதினார்கள். விளையாட்டு வகுப்பில் எப்போதும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். இரண்டு காலையும் சமமாகப் பழக்குவதும் இன்னொரு லாபம். பந்து விளையாட்டுகளில் பிள்ளைகள் வசதியான பக்கத்தோடு நின்றுவிடுவார்கள். இங்கே மாஸ்டர் விட மாட்டார், வலது பத்து என்றால் இடது பத்து. வளரும் வயதில் குதித்து இறங்குவது எலும்புக்கும் நல்லது.

பிறகு அந்தக் கத்தல். கிஹாப். உதைக்கும்போது வயிற்றிலிருந்து வர வேண்டும். வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு உதையைவிட இது கஷ்டம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, முதலில் பூனைக்குட்டி மாதிரி "ஈ" என்று இழுத்தாள். இப்போது அவள் கத்தினால் பெஞ்சில் இருக்கிற நாங்கள் நிமிர்ந்து உட்காருகிறோம். தன் குரல் ஒரு கூடத்தை நிறைக்கும் என்று தெரிந்துகொள்வது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, எந்த உதையையும்விடப் பெரிய தற்காப்பு என்று நினைக்கிறேன்.

பெல்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று படிப்படியாக ஏறுவது பிள்ளைகளுக்கு அருமையான ஏற்பாடு. தூரத்து இலக்கைக் கையெட்டும் துண்டுகளாக நறுக்கிக் கொடுக்கிறது. ஆனால் சில இடங்களில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் கோடு போட்ட பெல்ட், அரை பெல்ட் என்று ஆயிரம் நிலை வைத்து ஒவ்வொன்றுக்கும் தேர்வுக் கட்டணம் வாங்குகிறார்கள். தேர்வுக்கு வந்த எல்லோரும் எப்போதும் பாஸ் ஆகிற இடத்தில் அது தேர்வே இல்லை. இன்னொன்று, பிள்ளைகளுக்குக் கறுப்பு பெல்ட் கிடையாது. சியோலில் 1972-ல் திறக்கப்பட்ட தலைமையகமான குக்கிவோன் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தருவது பூம் என்கிற தகுதி. பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. வயது வந்த பிறகு அதை டான் என்கிற பெரியவர்களின் கறுப்பு பெல்ட் தகுதியாக மாற்றிக்கொள்ளலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு முழுக் கறுப்பு பெல்ட் என்று யாராவது சொன்னால் எந்த அமைப்பின் சான்றிதழ் என்று கேளுங்கள்.

இனி பயப்பட வேண்டியவை. இவற்றை மெதுவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிளாஸ் நடத்துகிறவர்கள் இவற்றை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

முதலில் தலை. விதியில் தலை உதைக்குப் புள்ளி அதிகம், அதனால் கோச்சுகளுக்கு அதன்மேல் ஆசையும் அதிகம். ஹெட் கார்டு இருக்கிறதே என்பார்கள். அது வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கலாம். மூளை உள்ளே குலுங்குவதைத் தடுக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் தற்காப்புக் கலைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தொடாமல் பயிற்சி செய்கிற முறையில் தொடங்க வேண்டும், உடலும் மனமும் பக்குவப்பட்ட பிறகே மோதுகிற போட்டிகளுக்குப் போக வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. தலையில் பட்டு, பிள்ளை ஒரு நொடி திகைத்து நின்றாலோ, பிறகு தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுகிறது என்று சொன்னாலோ, அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மறுபடி மேட். பதக்கச் சுற்றாக இருந்தாலும் சரி.

அடுத்தது எடை. எடைப்பிரிவு உள்ள எல்லா விளையாட்டிலும் இந்தக் கேடு உண்டு. ஒரு கிலோ குறைத்தால் சின்னப் பிரிவில் ஜெயிக்கலாம் என்ற கணக்கு. பெரியவர்களுக்கே அது கெடுதல். வளர்கிற பிள்ளையிடம் "சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கிளாஸை மாற்றிவிடுங்கள், பேச்சுவார்த்தையே வேண்டாம். எடை பார்க்கிற மேசையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் உதடு காய்ந்து வரிசையில் நிற்கிற ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்க்கும்போது வருகிற கோபத்தை அடக்க எனக்கும் ஒரு கல்யோ தேவைப்படுகிறது.

மூன்றாவது, இது ஒன்றையே பிடித்துக்கொள்வது. பிள்ளைக்குத் திறமை தெரிந்தால் வாரத்தில் ஆறு நாள், வேறு விளையாட்டு கூடாது, விடுமுறை கூடாது என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதே 2016-ல் அதே சங்கம் வெளியிட்ட இன்னொரு அறிக்கை, ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் மொத்தமாக மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு. நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சி நடக்கிற மென்மையான பகுதி வளரும் வயதில் இன்னும் இறுகியிருக்காது. ஒரே அசைவை ஆயிரக்கணக்கில் செய்தால் முட்டிக்குக் கீழே, குதிகாலில் வலி வரும். "சோம்பேறித்தனம்" என்று அதைத் தள்ளக் கூடாது.

அவசரப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். உலக டேக்வாண்டோ அமைப்பின் சாம்பியன்ஷிப்களில் மிகச் சிறிய பிரிவான கேடட், 12 வயதில்தான் தொடங்குகிறது. அந்தப் பிரிவுக்கு முதல் உலகப் போட்டி நடந்ததே 2014-ல், அஜர்பைஜானின் பாகு நகரில். ஒலிம்பிக்கில் இறங்கக் குறைந்தபட்ச வயது 17. ஏழு வயதில் ஜெயித்தாக வேண்டிய போட்டி எதுவும் இந்த விளையாட்டில் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜோர்டானில் அஸ்ராக் என்ற அகதிகள் முகாம் இருக்கிறது. சிரியாவிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்கிற இடம். அங்கே டேக்வாண்டோ மனிதநேய அறக்கட்டளை பிள்ளைகளுக்குக் கிளாஸ் நடத்துகிறது. அங்கே பயின்ற யாஹியா அல் கோதானி 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணியில் ஆடினார், தொடக்க விழாவில் கொடியும் பிடித்தார். அவர் பதக்கம் வாங்கவில்லை. வீடும் பள்ளியும் நிச்சயமில்லாத இடத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு வந்து வரிசையில் நிற்கவும், அடுத்த பெல்ட்டுக்குத் தயாராகவும் அங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு கூடம் இருக்கிறது.

பெற்றோர் உட்காரும் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஓரத்து நாற்காலியில் கோச் ஒருவர்தான் பேச வேண்டும் என்று விதி இருக்கிறது. கேலரியில் நாற்பது கோச்சுகள் இருப்பார்கள். "உதைடா! ஏன்டா நிக்கிறே!" பிள்ளை தலையைத் திருப்பி அப்பாவைப் பார்க்கும். அந்த நேரத்தில் உதை வாங்கும். இதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. போட்டி நாளில் அப்பாக்களைத் தொலைவில் உட்கார வைத்தால் பாதிப் பிள்ளைகள் இன்னும் நன்றாக ஆடுவார்கள் என்று ஒரு மாஸ்டர் என்னிடம் சொன்னார். அம்மாக்களை விட்டுவிட்டீர்களே என்றேன். சிரித்துக்கொண்டார்.

எந்த வயதில் சேர்க்கலாம்? விளையாட்டாக என்றால் நான்கு ஐந்து வயதிலேயே சேர்க்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். போட்டிக்கு நான் அவசரப்பட மாட்டேன். முதலில் கூடத்துக்குள்ளேயே சின்னப் போட்டி, அப்புறம் பூம்சே, பிறகு எட்டு ஒன்பது வயதில் தலையைத் தொடாத, மெல்லத் தொடுகிற ஃபைட். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால், பிள்ளையின் வயதைத் தாண்டாத எண்ணிக்கை என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிற எளிய கணக்கு. எட்டு வயது என்றால் எல்லா விளையாட்டும் சேர்த்து எட்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம்.

கிளாஸைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால் சுவரில் மாட்டியிருக்கிற கோப்பைகளைப் பார்க்காதீர்கள். ஸ்பாரிங், அதாவது இரண்டு பேர் மோதுகிற சண்டைப் பயிற்சி, நடக்கும்போது போய் உட்காருங்கள். மாஸ்டர் கல்யோ சொன்ன பிறகும் ஒரு பிள்ளை உதைத்துவிடுவான், கட்டாயம் நடக்கும். அந்த உதை அழகாக விழுந்திருந்தாலும் மாஸ்டர் பயிற்சியை நிறுத்தி அவனைத் திரும்ப வணங்க வைக்கிறாரா, இல்லை "நல்ல கிக்" என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறாரா என்று கவனியுங்கள். முதல் ரகம் என்றால் அன்றைக்கே படிவத்தை வாங்கிவிடலாம்.